ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் போட வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், கோடைக்கு வீட்டு ஏசியைத் தயார்ப்படுத்துவது எப்படி என்று அரைப் பக்கத்துக்கு யோசனைகள் போட்டிருந்தீர்கள். ஃபில்டரைக் கழுவுங்கள் என்றது சரி, ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள் என்றதும் சரி. ஆனால் நான்காவது யோசனையாக ‘ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் நிரப்பிக்கொள்வது நல்லது’ என்று ஒரு வரி, ஐந்தாவதாக ‘அறை சீக்கிரம் குளிர 16 டிகிரியில் வைத்துவிட்டுப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்’ என்று இன்னொரு வரி. இரண்டுமே தப்பு. ஐந்தாவது போனால் போகட்டும், கரண்ட் பில்லோடு முடிந்துவிடும். நான்காவதை நம்பி மூன்று கோடை காசு கொடுத்து ஏமாந்தவன் நான், அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டுவதானால் வேறு எங்கேயாவது வெட்டுங்கள், கேஸ் சமாசாரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடக்கிற தூரம். படுக்கை அறையில் ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி. வாங்கின அடுத்த வருஷம் ஏப்ரலில் குளிர் போதவில்லை என்று ஆளைக் கூப்பிட்டோம். வந்தவர் வெளியே இருக்கிற யூனிட்டில் மீட்டரை மாட்டிப் பார்த்து ‘கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்’ என்றார். பண்ணினார். இரண்டாயிரத்து ஐந்நூறு. நன்றாகத்தான் குளிர்ந்தது. அடுத்த வருஷமும் அதே ஏப்ரல், அதே வசனம், இந்தத் தடவை இரண்டாயிரத்து எண்ணூறு. மூன்றாவது வருஷம் மூவாயிரம் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒரு நாள் காலையில் பார்த்தால் உள் யூனிட்டின் வாய்க்குள்ளே ஃப்ரீஸர் மாதிரி வெள்ளையாக ஐஸ் கட்டியிருக்கிறது. ஏசியை நிறுத்தினதும் அது உருகிக் கீழே இருந்த பீரோ மேல் கொட்டி, பீரோ மேல் வைத்திருந்த அம்மாவின் மருத்துவ ஃபைல் எல்லாம் நனைந்து ஊறிப்போனது. அம்மாவுக்கு ஆத்திரம். ‘குளிரலைன்னு சொன்னே, இப்போ பனிக்கட்டியே கொட்டுது, இன்னும் என்ன வேணும் உனக்கு’ என்றார்.

ஐஸ் கட்டுகிற அளவுக்குக் குளிர் இருக்கிறது, ஆனால் அறை குளிரவில்லை. இது எப்படி? அதற்குப் பதில் தெரிந்த ஒரு தம்பி எங்கள் தெருவிலேயே இருந்தார், ஐடிஐயில் இந்தத் தொழிலைப் படித்தவர். அவர் வந்து மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கேட்ட கேள்வி இதுதான்: ‘கேஸ் என்ன சார் பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்து போறதுக்கு? உங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்கு எத்தனை தடவை கேஸ் போட்டிருக்கீங்க?’

யோசித்துப் பார்த்தேன். பதினான்கு வருஷ ஃப்ரிட்ஜ். ஒரு தடவைகூட இல்லை. ஃப்ரிட்ஜும் ஏசியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஃப்ரிட்ஜ் பெட்டிக்குள் இருப்பதைக் குளிர வைக்கிறது, ஏசி அறையை, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குப் போடாத கேஸை இதற்கு மட்டும் ஏன் வருஷா வருஷம் போட்டேன்? இந்த ஒரு கேள்வி முதலிலேயே தோன்றியிருந்தால் எட்டாயிரத்துச் சொச்சம் மிஞ்சியிருக்கும்.

அந்தத் தம்பி வேலை பார்த்த இரண்டு நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். அப்புறம் நானாகக் கொஞ்சம் படித்தும் சரிபார்த்துக்கொண்டேன்.

முதல் விஷயம், ஏசி குளிரை உண்டாக்குவதே இல்லை. அறையில் இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஊசி போடுமுன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அந்த சில்லிப்பு பஞ்சிலிருந்து வரவில்லை, ஸ்பிரிட் ஆவியாவதற்கு வேண்டிய சூட்டை நம் தோலிலிருந்து உருவிக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அப்படித்தான். ஏசிக்குள் ஓடும் கேஸ் செய்வதும் அதே வேலை, ஆனால் ஸ்பிரிட் போல ஒரு தடவை ஆவியாகிப் பறந்துவிடாமல், அதை மறுபடி திரவமாக்கி மறுபடி ஆவியாக்கி, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடவிடுகிறார்கள்.

இதில் சூட்சுமம் அழுத்தத்தில் இருக்கிறது. ஊட்டிக்குப் போய்த் தங்கினவர்களுக்குத் தெரியும், அங்கே திறந்த பாத்திரத்தில் அரிசியோ பருப்போ வேக நேரமாகும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. அதே தண்ணீரைக் குக்கருக்குள் போட்டு விசிலை வைத்தால் அழுத்தம் ஏறி, கிட்டத்தட்ட 120 டிகிரி வரை போனால்தான் கொதிக்கும். தண்ணீர் அதே தண்ணீர்தான். அழுத்தத்தைக் குறைத்தால் குறைந்த சூட்டில் கொதிக்கும், கூட்டினால் அதிக சூட்டில்தான் கொதிக்கும்.

ஏசி என்பது ஒரு ஊட்டியையும் ஒரு குக்கரையும் செப்புக் குழாயால் இணைத்த மாதிரி. சுவரில் நம் தலைக்கு மேல் இருக்கும் உள் யூனிட்தான் ஊட்டி. அங்கே உள்ள காயிலில், அதாவது மடித்து மடித்து வைத்த குழாயில், அழுத்தம் குறைவு, அதனால் கேஸ் ஐந்து, பத்து டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்க வேண்டிய சூடு எங்கிருந்து வரும்? முப்பது டிகிரியில் இருக்கும் நம் அறைக் காற்றிலிருந்து. அந்தக் காற்றைக் காயில் மேல் ஊதிவிடுகிற வேலைதான் உள்ளே சுழலும் உருளை ஃபேனுக்கு. சூட்டைப் பறிகொடுத்த காற்று குளிர்ந்து நம் மேல் விழுகிறது. சூட்டை விழுங்கி ஆவியான கேஸ் பெரிய குழாய் வழியாக வெளி யூனிட்டுக்குப் போகிறது. அங்கே கம்ப்ரஸர் அதை அமுக்குகிறது. இது குக்கர். அமுக்கினதும் கேஸ் நன்றாகச் சூடாகி, வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் அதைவிடச் சூடாக, 50 டிகிரிக்கு மேலேயே போய்விடும். இப்போது வெயில் காற்றுகூட அதற்குக் குளிர்காற்றுதான். வெளி யூனிட்டின் பெரிய ஃபேன் ஊத ஊத, நம் அறையில் விழுங்கிய சூட்டையெல்லாம் அங்கே கக்கிவிட்டுக் கேஸ் மறுபடி திரவமாகிறது. அப்புறம் ஊசி மாதிரி மெல்லிய ஒரு குழாய் வழியாகப் பிதுங்கி வெளியே வரும்போது அழுத்தம் சட்டென்று விழுகிறது, மறுபடி ஊட்டி.

எண்ணிக்கையில் சொன்னால் இன்னும் நன்றாக விளங்கும். எங்கள் ஏசியில் இருப்பது ஆர்-32 என்கிற கேஸ், இப்போது விற்கும் ஏசிகளில் பெரும்பாலும் அதுதான். திறந்த வெளியில் விட்டால் அது மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆகவே ‘ஊட்டி’ப் பக்கத்திலேகூட 120, 130 பிஎஸ்ஐ அழுத்தத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ‘குக்கர்’ பக்கம் நானூறையும் தாண்டும். கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று முப்பது சொச்சம் பிஎஸ்ஐதான் என்பதை நினைத்துக்கொண்டால், அந்தச் செப்புக் குழாய்க்குள் என்ன கொந்தளிப்பு ஓடுகிறது என்று தெரியும், அதை அரைகுறையாகத் தெரிந்தவர் கையில் கொடுக்கக் கூடாது என்பதும் தெரியும்.

இதில் எங்கேயாவது கேஸ் செலவாகிறதா? இல்லை. திரவமாகிறது, ஆவியாகிறது, மறுபடி திரவமாகிறது. எங்கள் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் எண்ணூறு சொச்சம் கிராம் என்று போட்டிருக்கிறது, பத்து வருஷம் ஓடினாலும் அதே எண்ணூறு சொச்சம்தான் இருக்கவேண்டும். குறைந்தால் ஓட்டை என்று அர்த்தம், வேறு அர்த்தமே கிடையாது. ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு ‘அடுத்த வருஷமும் கூப்பிடுங்க’ என்று போகிற மாதிரிதான் இந்த டாப்-அப்.

ஃப்ரிட்ஜில் இந்தத் தொல்லை குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அதன் குழாயெல்லாம் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடி வருகிறது. ஸ்ப்ளிட் ஏசியில் உள்ளேயும் வெளியேயும் உள்ள இரண்டு பெட்டியை நம் வீட்டுக்கு வந்துதான் இணைக்கிறார்கள். செப்புக் குழாயின் வாயைப் புனல் மாதிரி விரித்து, நட்டு போட்டு முறுக்குவார்கள். அந்த விரிப்பில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும், நட்டை அளவுக்கு மேல் முறுக்கினாலும் கசியும், ஒரேயடியாக இல்லை, மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக. கடற்கரைப் பக்கம் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு உப்புக்காற்று காயிலையே அரிக்கிற பிரச்சினை தனி.

எங்கள் வீட்டில் அந்தத் தம்பி முதலில் செய்தது, டார்ச்சை அடித்து நட்டுகளைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்ததுதான். உள் யூனிட்டுக்குப் பின்னால், இன்சுலேஷன் ஸ்பாஞ்சைப் பிரித்தபோது ஒரு நட்டைச் சுற்றி மட்டும் தூசி கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கோடு அப்பியிருந்தது. கம்ப்ரஸர் எண்ணெய் கொஞ்சம் கேஸோடு சேர்ந்தே சுற்றுமாம், கேஸ் கசிகிற இடத்தில் அது மட்டும் தங்கிவிடும். அப்புறம் சோப்பு நுரையைக் குழைத்துத் தடவினார். அரை நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு கடுகு அளவுக்கு ஒரு குமிழி, அது உடைந்து இன்னொன்று. என் எட்டாயிரம் ரூபாய் அந்தக் கடுகு வழியாகத்தான் போயிருக்கிறது!

ஐஸ் கட்டின மர்மத்துக்கும் விடை அங்கேயே இருந்தது. கேஸ் குறைந்தால் உள் காயிலில் அழுத்தம் இன்னும் விழும், ஊட்டியிலிருந்து இன்னும் மேலே ஏறிவிட்ட மாதிரி, ஐந்து டிகிரியில் கொதிக்க வேண்டியது மைனஸில் கொதிக்கும். காற்றில் இருக்கிற ஈரம் காயிலில் பட்டுத் தண்ணீராக வழிவதற்குப் பதில் அப்படியே உறைந்துவிடும். உறைந்த ஐஸ் காற்று போகிற இடுக்குகளை அடைத்துவிடும், அறைக்குக் காற்றே வராது. அதனால்தான் உள்ளே பனிக்கட்டி, வெளியே புழுக்கம். ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்று போகாவிட்டாலும் இதே மாதிரி ஐஸ் கட்டும் என்பதையும் சொல்லவேண்டும், ஆகவே ஐஸைப் பார்த்ததும் முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், அது காசில்லாத வேலை.

சரி செய்தது எப்படி என்பதையும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரையாவது கூப்பிடும்போது இதில் எதை விட்டுவிடுகிறார் என்று பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். மிச்சமிருந்த கேஸைத் தனியாக ஒரு சிலிண்டருக்குள் இழுத்து அடைத்துக்கொண்டார். விரிப்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக விரித்து நட்டு போட்டார். குழாய்க்குள் நைட்ரஜனை ஏற்றி, மீட்டரில் முள் இறங்குகிறதா என்று பார்க்க ராத்திரி முழுக்க விட்டுவிட்டுப் போனார். (நைட்ரஜன்தான், வேறு எதுவும் கூடாது. சிலர் சிக்கனம் பார்த்து ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவருகிறார்களாம், உள்ளே எண்ணெய் இருக்கிறது, வெடித்துவிடும்.) மறுநாள் நைட்ரஜனை வெளியேற்றிவிட்டு, வேக்கம் பம்ப்பை மாட்டி அரை மணிக்கு மேல் ஓடவிட்டார், உள்ளே காற்றும் ஈரமும் துளிகூட மிஞ்சாமல் உறிஞ்சுவதற்கு, ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரஸரைத் தின்றுவிடுமாம். இந்த அரை மணிக்குச் சோம்பல்பட்டு, கேஸையே கொஞ்சம் புஸ்ஸென்று விட்டுக் காற்றைத் தள்ளிவிடுகிறவர்கள்தான் நிறைய. கடைசியாகச் சிலிண்டரைத் தராசில் வைத்து, தகட்டில் உள்ள கிராம் கணக்குக்குச் சரியாக எடை போட்டு ஏற்றினார். முதல் மூன்று வருஷமும் எங்கள் வீட்டுக்குத் தராசு என்ற ஒன்று வந்ததே இல்லை. அதற்குப் பிறகு நான்கு கோடை ஆகிவிட்டது, கேஸை யாரும் தொடவில்லை.

கேஸை இப்படிக் காற்றில் விடுவதில் இன்னொரு பாவமும் இருக்கிறது. ஏசிகளில் முன்பு இருந்த ஆர்-22 என்கிற கேஸ் ஓசோன் படலத்தைக் கெடுக்கும், 1987இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் கூடிப் போட்ட உடன்படிக்கைப்படி அந்த வகையைப் படிப்படியாக ஓரங்கட்டி வருகிறார்கள். ஆர்-32 ஓசோனை ஒன்றும் செய்யாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட அறுநூறு மடங்குக்கு மேல். என் மூன்று வருஷக் கசிவும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இப்போது வெளி யூனிட். சூட்டை வெளியே கொட்டுகிறது என்று புரிந்துவிட்டால் அதை எங்கே வைப்பது என்பதும் தானாகப் புரியும். ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து மணிக்கு ஐந்தேகால் யூனிட் அளவுக்கு வெப்பத்தை இழுக்கும், அதற்கு அது தின்கிற கரண்ட் சுமார் ஒன்றரை யூனிட். ஒன்றரை கொடுத்து ஐந்தேகால் வாங்குவதா என்று நானும் முதலில் சந்தேகப்பட்டேன். அது உண்டாக்கவில்லை, இடம் மாற்றுகிறது, கிணற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுகிற மாதிரி, மோட்டார் தண்ணீரைத் தயாரிப்பதில்லையே. தொட்டி எத்தனை உயரமோ அத்தனை கரண்ட். அதேபோல வெளி யூனிட்டைச் சுற்றி எத்தனை சூடோ அத்தனை கஷ்டம் கம்ப்ரஸருக்கு.

இழுத்த ஐந்தேகாலும் தின்ற ஒன்றரையும் சேர்ந்து ஏழு யூனிட் கிட்ட சூடு வெளி யூனிட்டிலிருந்து வருகிறது. எங்கள் அடுக்ககத்தில் பின்பக்கம் ஒரு ஒடுக்கமான சந்து, அதில் ஐந்து மாடியின் வெளி யூனிட்டும் ஒன்றன் மேல் ஒன்றாக. கீழ்வீட்டுக்காரர் கக்குவதை மேல்வீட்டுக்காரர் யூனிட் முகர்ந்து, மேலும் சூடாக்கி, அதற்கு மேலே உள்ளவருக்குத் தள்ளுகிறது. ஐந்தாவது மாடிக்காரர் எங்கள் ஏசி மட்டும் ஏன் திணறுகிறது என்று கேட்கிறார். போதாக்குறைக்கு இரண்டாவது மாடியில் ஒருவர், மழை படக்கூடாது என்று பழைய ஃப்ளெக்ஸ் பேனரை யூனிட்டுக்கு முன்னால் கட்டிவிட்டார், மழையில் நிற்பதற்காகவே செய்த பெட்டிக்கு! சிறுவயதில் பெரியப்பா வீட்டில் ஃப்ரிட்ஜ் வாங்கின புதிதில் வெயில் மத்தியானம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னால் உட்காருவோம், அறை குளிரும் என்று. ஃப்ரிட்ஜ் அந்தச் சூட்டை எடுத்து முதுகுப்பக்கம் அதே அறையில்தான் விட்டுக்கொண்டிருந்தது, அதன் மோட்டார் சூட்டையும் சேர்த்து. வெளி யூனிட்டை மூடிக் கட்டுவதும் அதே கதைதான்.

சென்னைக்காரர்களுக்குச் சூட்டைவிடப் புழுக்கம் பெரிய எதிரி. மதுரையில் ஏர் கூலரை வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம், இங்கே கூலர் போட்டால் துணி காயாது, நமக்கும் பிசுபிசுப்பு கூடும், ஏற்கெனவே ஈரமாக இருக்கிற காற்றில் இன்னும் ஈரத்தைச் சேர்த்து என்ன பயன்? ஏசி அந்த ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு வைக்கும் வாளி எங்கள் வீட்டில் ஜூன் மாதம் காலை ஆறு மணிக்குள் நிரம்பிவிடும், பத்து லிட்டர் வாளி. ஒரு லிட்டர் நீராவியைத் தண்ணீராக்குவதற்கு முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பத்தை உறிஞ்ச வேண்டியிருக்கிறது, அப்படியானால் ஒரு வாளிக்கு ஏழு யூனிட் வெப்பம், அறையை ஒரு டிகிரிகூடக் குறைக்காமல், காற்றை உலர்த்துவதற்கு மட்டுமே. அந்தத் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றுகிறோம். குடிக்கிறேன் என்று யாரும் கிளம்பாதீர்கள், காயில் தூசி எல்லாம் அதில்தான்.

பத்திரிகைக்காரர்களான உங்களுக்கு ஒரு சேதி: ஏசி பிறந்ததே அச்சகத்துக்காகத்தான். 1902இல் நியூயார்க் புரூக்ளினில் ஒரு கலர் அச்சகத்தில் கோடைப் புழுக்கத்தால் காகிதம் உப்பி, ஒரு வண்ணம் அடித்துவிட்டு அடுத்த வண்ணம் அடிக்கும்போது இடம் விலகிப்போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இருபத்தைந்து வயது இன்ஜினியர் போட்ட திட்டம்தான் இன்றைய ஏசிக்கு மூலம். மனிதர்களுக்கு வியர்க்கிறதே என்று யாரும் கவலைப்படவில்லை, காகிதத்துக்கு வியர்த்ததுதான் பிரச்சினை!

இந்த ஈரக் கணக்கினால்தான் அளவுக்கு மேல் பெரிய ஏசி வாங்கக்கூடாது என்கிறார்கள். பத்துக்குப் பத்து அறைக்கு இரண்டு டன்னை மாட்டினால் ஐந்து நிமிஷத்தில் அறை குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும், ஈரத்தைப் பிழிய அவகாசமே கிடைக்காது, குளிராகவும் இருக்கும், நசநசவென்றும் இருக்கும். என் மைத்துனர் வீட்டில் அப்படித்தான், விருந்தாளி போனால் போர்வைக்குள்ளேயே வியர்க்கும்.

டன் என்றதும் நினைவுக்கு வருகிறது. கடையில் ஒருவர் ‘ஒரு டன் வெயிட்டை எங்க வீட்டுச் சுவர் தாங்குமா’ என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன், சிரிக்கவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. அது ஐஸ் கணக்கு. ஒரு டன் ஐஸ், அமெரிக்கக் கணக்கில் 907 கிலோ, இருபத்துநான்கு மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை விழுங்குமோ அவ்வளவை இழுக்கிற சக்திக்கு ஒரு டன் என்று பெயர். யந்திரம் வருவதற்கு முன்னால் குளிர் என்றாலே ஐஸ்தான், அதனால் யந்திரத்தையும் ஐஸை வைத்தே அளந்தார்கள். நம் மெரினா எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லம் 1842இல் கட்டப்பட்டது அந்த ஐஸை வைப்பதற்குத்தான். பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டூடர் என்ற வியாபாரி, அங்கே குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை வெட்டி, மரத்தூளில் புதைத்துப் பாய்மரக் கப்பலில் மதராசுக்கு அனுப்பினார். அந்தப் பேட்டைக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே பெயர். இப்போது நம் ஒன்றரை டன் பெட்டி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1,360 கிலோ ஐஸ் செய்கிற வேலையைச் செய்துவிடுகிறது, சுவரில் தொங்கிக்கொண்டே.

இனி உங்கள் ஐந்தாவது யோசனை. ரிமோட்டில் இருக்கிற எண் ஆக்ஸிலரேட்டர் இல்லை, எங்கே நிற்கவேண்டும் என்று சொல்கிற எண். பழைய மாதிரி ஏசியில் கம்ப்ரஸருக்கு முழு வேகம் அல்லது நிறுத்தம், இரண்டே நிலை, 16 வைத்தாலும் 24 வைத்தாலும் அதே வேகத்தில்தான் ஓடும், 24இல் நின்றுவிடும், 16இல் நிற்கவே நிற்காது. இன்வர்ட்டர் ஏசி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், ஆனால் அறை 34இல் தகிக்கும்போது 24 என்று வைத்தாலே அது ஆரம்பத்தில் ஏறக்குறைய முழு மூச்சில்தான் ஓடும், எட்டியதும் மெல்லத் தணிந்து பூனை மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். 16இல் வைப்பவர்கள் யாரும் ‘பிறகு’ கூட்டுவதில்லை, தூங்கிவிடுகிறார்கள், நடுராத்திரி மூன்று மணிக்குப் போர்வையைத் தேடுகிறார்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு கணக்குச் சொல்கிறது, 2020 முதல் புது ஏசியைப் போட்டவுடன் 24இல் தொடங்கவேண்டும் என்று விதியே இருக்கிறது. நாங்கள் 26 வைத்து ஃபேனை இரண்டில் ஓடவிடுகிறோம், இரண்டு மாத ரீடிங் ஐந்நூறைத் தாண்டினால் மின்வாரிய பில் எப்படித் துள்ளும் என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்கு மூட்டு வலி என்பதால் 27கூட ஆகும் சில நாள்.

இன்னொன்று, ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, நாம் விட்ட மூச்சையே குளிரவைத்துத் திருப்பித் தருகிறது. காலையில் எழுந்ததும் ஜன்னலைப் பத்து நிமிஷம் திறந்து வையுங்கள், தலை பாரமாக இருக்கிறது என்கிற புகார் பாதி குறையும்.

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. நான்கு மாடி சன்ஷேடில் ஒரு கயிறுகூடக் கட்டாமல் தொங்கி வேலை பார்க்கிறார்கள், மே மாதத்தில் சாப்பிட நேரம் கிடையாது, ஒரு வீட்டுக்கு அரை நாள் செலவழித்தால் மற்ற வீடுகளிலிருந்து ஃபோன் மேல் ஃபோன். நாமும் ‘சீக்கிரம் முடிங்க, எவ்வளவு’ என்றுதான் கேட்கிறோம். முதல் வருஷம் வந்தவரிடம் ‘எங்கே லீக்?’ என்று நான் கேட்டிருந்தால் அவரும் தேடியிருப்பாரோ என்னவோ. கேட்கத் தெரியவில்லை.

அதனால்தான் கேட்கிறேன், அடுத்த ஞாயிறு அதே இடத்தில் அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள்: கேஸ் குறைந்தால் கசிவு எங்கே என்று முதலில் கேளுங்கள், அடைத்த பிறகு நிரப்பச் சொல்லுங்கள், நிரப்பும்போது தராசைப் பாருங்கள். போட்டால் அதை வெட்டி எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் பலகையில் ஒட்டுவேன். அங்கே இப்போது ஒட்டியிருப்பது உங்கள் சென்ற வாரப் பக்கம்தான், நான்காவது யோசனைக்கு யாரோ சிவப்பு மையில் அடிக்கோடு வேறு போட்டு வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திருவான்மியூர், சென்னை.